கால் டம்ளர் பால்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். "கோதுமையை விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சேப்பா, இன்னும் ஏன் இது ஆகாது, அது ஆகாதுன்னு சொல்றீங்க?" என்றாய். போன தடவை நீ வந்திருந்தபோது ஆசையாக ஆற்றிக் கொடுத்த பாலை நான் தொடாமலே வைத்துவிட்டதும் உன் மனதில் இருக்கிறது. அம்மா சொன்னாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சீலியாக் என்ற குடல் நோய் என்று உறுதியானபோது எனக்கு வயது 57. அதற்கு முன் பத்து வருஷத்துக்கு மேலாக ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். வாய்ப்புண், சாப்பிட்டதும் வயிறு உப்புவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிட்டேன். மாத்திரை ஏன் உடம்பில் ஒட்டவில்லை என்று ஒரு டாக்டர்கூடக் கேட்கவில்லை. அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. கடைசியாகப் பார்த்தவர்தான் கேட்டார். ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி. சிறுகுடலிலிருந்து துளித்துளியாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள்.

அவர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நல்ல குடலின் உட்புறம் புதுத் துவாலை மாதிரி இழை இழையாக நிற்கிறது. என்னுடையது துவைத்துத் துவைத்து இழை போன துணி. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் குடலையே தாக்குகிறது. அந்த இழைகளுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். இரும்புச்சத்து உள்ளே ஏறுவது சிறுகுடலின் தொடக்கத்தில். சேதம் அதிகமாக இருப்பதும் அங்கேயேதான். பத்து வருஷத்து மாத்திரைக்கு என்ன ஆனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இனி உன் பால் விஷயம். பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் இருக்கிறது. நுனி மழுங்கினால் முதலில் போவது அது. அதனால் பால் எனக்குப் பகை இல்லை அம்மா. அதைச் செரிக்கும் இடம் இன்னும் வளர்ந்து முடியவில்லை, அவ்வளவுதான். குழந்தைகளுக்குக் குடல் சீக்கிரம் ஆறும். என் வயதில் இரண்டு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். சிலருக்கு முழுசாக ஆறாமலும் இருக்கும். கோதுமையை விட்டது ஆயுளுக்கும். பாலை விட்டது இப்போதைக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டது நான்தான். பார்க்கிறவர்களும் அப்படியே நினைத்துவிட்டார்கள்.

முதல் ஆறு மாதம் அப்படித்தான் போனது. எது வயிற்றைப் புரட்டினாலும் நோட்டில் எழுதி அடித்துவிடுவேன். பால், வெங்காயம், பூண்டு, பயறு என்று ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் சோறும் வேகவைத்த இரண்டு காய்கறியும்தான் மிச்சம். எடை 4 கிலோ இறங்கியது. உணவு ஆலோசகர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாவற்றையும் அடித்திருக்கிறீர்களே, திரும்பச் சேர்த்துப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லையே" என்றார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிறுத்த வேண்டும். சில வாரம் கழித்துக் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் பயறு தொந்தரவே செய்யவில்லை. நன்றாக வதக்கிய வெங்காயம் கொஞ்சம் ஆகிறது. பூண்டுதான் இன்னும் இல்லை.

இந்த நோய்க்குக் காரணம் கோதுமை என்று தெரிய வந்ததிலும் இந்த 'திரும்பச் சேர்ப்பது' இருக்கிறது. வில்லம் டிக்கே என்று நெதர்லாந்தில் ஒரு குழந்தை மருத்துவர். அவருக்கு முன்னமே ரொட்டி மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டி கிடைப்பதே அரிதானது. ஊரே பட்டினி கிடந்தபோது சீலியாக் இருந்த பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கோதுமையை விட்ட பிறகும் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு மெதுவாகத்தான் இறங்கியது. அம்மாதான் சமையலறையைத் துருவினாள். பழைய மரக்கரண்டியின் கைப்பிடி சேரும் இடத்தில் ஒரு கீறல், அதில் காய்ந்த மாவு. எத்தனை தேய்த்தும் நகத்தால்தான் வந்தது. குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பொருளிலேயே கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. எனக்கென்று தனிக் கரண்டி, தனிச் சல்லடை வாங்கி மேல் தட்டில் வைத்திருக்கிறாள். நீ வரும்போது அதை எடுத்துவிடாதே.

இப்போது முக்கியமான விஷயம். "உங்களுக்காக நானும் கோதுமையை விட்டுடறேன்ப்பா" என்றாயே, கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் விடாதே. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இருக்கலாம். உனக்கும் கல்லூரி நாளிலிருந்தே ரத்தம் குறைவு. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பரிசோதனை செய்துகொள். நிறுத்திவிட்டுப் போனால் எதிர்ப்பொருள் இறங்கி, நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். இப்போது இல்லை என்று வந்தாலும் பின்னால் வரலாம், டாக்டரிடம் என் நோயைச் சொல்லி வை. இன்றைக்கே நேரம் வாங்கிவிடு அம்மா. எனக்குப் போன பத்து வருஷம் உனக்குப் போகக் கூடாது.

ஒன்றைப் போனில் சொல்லவில்லை, உறுதியாகட்டும் என்று இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கால் டம்ளர் பால் குடித்தேன். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு வயிறு லேசாக இரைந்தது. பத்து மணி வரை வேறு ஒன்றுமில்லை. மூன்று நாள் விட்டு மறுபடி குடித்தேன், இரையவும் இல்லை. அடுத்த வாரம் அரை டம்ளர் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நீ வரும்போது ரிசல்ட்டைக் கையோடு எடுத்து வா. பாலை நீயே ஆற்றிக் கொடு.

அன்புடன்,
அப்பா