அன்று மதியம் அப்பாவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தையல் கடைக்கு எதிரே இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் மகள் எழுதுகிறேன். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், காலையில் பேப்பரைப் படித்துவிட்டு வழக்கம்போல் சத்தமும் போடுகிறார். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து கையைப் பிடித்துச் சொல்லத்தான் ஆசை. சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால் இந்த மடல்.

கத்திரி தொடங்கி இரண்டாவது வாரம் அது. காசிமேடு எங்களுக்கு நடக்கிற தூரம்தான், மற்ற நாட்களில் மதியத்துக்குள் கடற்காற்று தெருவுக்குள் வந்துவிடும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசுகிற நாளில் மட்டும் அது உள்ளே வரமுடியாமல் தாமதமாகும். அன்று ஒன்றரை மணிக்கும் ஓர் இலை அசையவில்லை. செய்தியில் நாம் கேட்கிற வெப்பநிலை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் நிழலில் அளந்தது. அப்பா நின்றதோ தகரக் கூரைக்குக் கீழே, கரி கனன்றுகொண்டிருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில். இரண்டு நாளாகவே தலைவலி என்றார், கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கிறது என்றார். நான் தைலம் எடுத்துக் கொடுத்தேன். உடம்பு அப்போதே எச்சரித்திருக்கிறது, எனக்குப் புரியவில்லை.

சாப்பாட்டுக் கூடையோடு நான் போனபோது அப்பா வண்டிக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து என் அத்தையின் பெயரைச் சொன்னார். வார்த்தை குழறியது. வழியில் போன ஒருவர், "மத்தியானமே போட்டுட்டாரு போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒருநாளும் குடித்தவர் அல்ல. அந்த நேரத்தில்தான் தோளில் பையோடு ஒரு நர்சிங் மாணவி ஓடிவந்தார். அப்பாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர், "அக்கா, இது ஹீட் ஸ்ட்ரோக். 108-க்கு போன் பண்ணுங்க. வண்டி வர்றதுக்குள்ள உடம்பைக் குளிர வைக்கணும்" என்றார். நான் பதற்றத்தில் பாட்டிலை அப்பா வாயருகே கொண்டுபோனேன். என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். நினைவு தெளிவாக இல்லாதவருக்குத் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. தையல்கார அண்ணன் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு அப்பாவைத் தன் கடைக்குள் தூக்கிப்போனார். தண்ணீர் கேன் கடை பாய் ஒன்றன்பின் ஒன்றாக நாலு கேனை உடைத்து அப்பாவின் மேல் ஊற்றினார். காசு என்று வாய் திறந்ததற்கே கோபித்துக்கொண்டார். மாடி வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டே இருந்தார்கள். உடம்பு ஈரமாக இருக்கும்போது விசிறினால்தான் சூடு இறங்கும் என்று அந்த மாணவி சொல்லிக்கொண்டே இருந்தார். கை வலித்தும் அவர்கள் நிறுத்தவில்லை.

மீன்கார அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? தடைக்காலம், பெரிய விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, மீன் வரத்தே குறைவு. கிடைத்த கொஞ்சம் சங்கராவைச் சாயங்காலம் விற்க ஐஸ் போட்டு வைத்திருந்தீர்கள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தீர்கள். அந்த ஐஸை மாணவி தன் துப்பட்டாவைக் கிழித்து அதில் சுற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தார். பெரிய ரத்தக்குழாய்கள் தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிற இடங்களாம் அவை. வண்டி வருவதற்குள் அப்பா என் பெயரைச் சொல்லிவிட்டார்.

108-இல் வந்த தம்பிகள் இருவரும் வழி முழுக்க ஈரத்துணியை மாற்றிக்கொண்டே வந்தார்கள். ஸ்டான்லி அவசரப் பிரிவில் பார்த்த டாக்டரம்மா, தெருவிலேயே குளிர வைத்ததால்தான் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் பாதிப்பு இல்லாமல் தப்பினார் என்றார். ரத்த அழுத்தத்துக்கு அப்பா சாப்பிடும் மாத்திரையில் ஒன்று நீர் பிரியவைக்கும் வகை. வெயில் காலத்தில் அது உடம்பின் தண்ணீரை இன்னும் குறைத்துவிடும் என்று விளக்கி அளவை மாற்றிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் அப்படி ஏதாவது சாப்பிட்டால் தயவுசெய்து ஒருமுறை டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. பேரிடர் என்றால் எனக்கு 2015 வெள்ளம்தான் ஞாபகத்துக்கு வரும். அப்போது மீனவர்கள் படகோடு வந்தார்கள். இந்த முறை எங்களுக்கு ஒரு மீன்பெட்டி வந்தது.

தெருவில் துணி கொடுக்கிற எல்லோருக்கும் தனியாக நன்றி. இனி காலை ஐந்து மணியிலிருந்து பத்து வரை, பிறகு சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் பெட்டி சூடாகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பையன்கள் தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அத்தை ஒன்பது மணிக்கு உப்புப் போட்ட மோரைக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

அந்த மாணவிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் யார், எந்தக் கல்லூரி என்று கேட்பதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. உங்கள் மஞ்சள் துப்பட்டாவின் இரண்டு துண்டும் எங்களிடம்தான் இருக்கின்றன. மீன் வாசனை போக மூன்று முறை அலசினேன். தையல்கார அண்ணன் தையல் தெரியாமல் இணைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் இஸ்திரி போட்டது அதைத்தான். வண்டியில் மேல்தட்டில், தாளில் சுற்றி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.