ஊர் திரும்புவோர் கையில் ஒரு தமிழ்த் தாள்

ஐயா,

புற்றுநோய் சிகிச்சை முடிந்து பாம்பன், ஏர்வாடி திரும்புவோர் கையில் பெரும்பாலும் இருப்பது ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரிதான் (மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கம்). அடுத்து செய்ய வேண்டியதைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, கிராம சுகாதார செவிலியருக்கும் ஒரு நகல் தரலாமே.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை இவை. மார்பகப் புற்றுநோய்க்கு, சிகிச்சை முடிந்த முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு பரிசோதனை. ஆண்டுக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). நோய் திரும்பாமல் தடுக்கத் தரும் தமாக்சிபென் மாத்திரையைக் குறைந்தது 5 ஆண்டு சாப்பிட வேண்டியவர்களில் சிலர், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டி அகற்றப்பட்டவர் கடற்பாசி எடுக்கப் போனால், பாறை கீறிய சிறு காயத்திலேயே கிருமி தொற்றி கை வீங்கலாம். கையுறை கட்டாயம், கை சிவந்து காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனை. இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனை. பல் பிடுங்கும் முன் புற்றுநோய் மருத்துவரைக் கேட்க வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

– சுகாதாரப் பணியாளர்கள், மண்டபம்