தெரிவுப் பரீட்சையில் தவறிய தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வைத்திய நிபுணர் பயிற்சிக்கான தெரிவுப் பரீட்சையில் இம்முறையும் சித்தியடையவில்லை என்றும், இனிமேல் விண்ணப்பிப்பதாக இல்லை என்றும் எழுதியிருந்தீர். உம்மைப் போலவே வன்னியின் ஆதார வைத்தியசாலைகளில் இரவுபகலாகக் கடமை செய்துகொண்டு அதே பரீட்சைக்குப் படிக்கின்ற வேறு வைத்தியர்களும் வாசிக்கட்டும் என்பதற்காக, உமது பெயரையும் வைத்தியசாலையையும் தவிர்த்துப் பகிரங்கமாகவே பதில் எழுதுகிறேன்.

பாதை நீளமானது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1980 முதல் இயங்கிவரும் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவகத்தின் ஒழுங்கில் தெரிவுப் பரீட்சை என்பது வாசற்படி மட்டுமே. அதன்பின் பதிவாளர் எனப்படும் பயிற்சி வைத்தியராகக் கடமை, எம்.டி. என்ற பட்டமேற்படிப்புப் பரீட்சை, சிரேஷ்ட பதிவாளர் காலம், வெளிநாட்டுப் பயிற்சி, இறுதி மதிப்பீடு எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் வைத்திய நிபுணர் என்ற சான்றைப் பெறுகிறார். அந்த ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு பெண்ணுக்குத் திருமணமும் பிள்ளைப்பேறும் பெற்றோரின் முதுமையும் வந்து சேர்ந்துவிடுகின்றன என்பதை நான் அறிவேன். ஆகவே நீர் களைத்துப் போனதில் எனக்கு வியப்பில்லை.

ஆனாலும் இந்தப் பரீட்சை இலகுவாக்கப்பட வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். அமெரிக்காவில் 1916இல் கண் மருத்துவத்துக்கென முதலாவது சான்றளிப்புச் சபை தோன்றியது, எவரும் தம்மைக் கண் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய நிலைமைக்கு ஒரு முடிவு வேண்டியிருந்ததால்தான். கொழும்பில் ஒரு நிபுணரின் சொல்லில் ஐயம் ஏற்பட்டால் நோயாளி அன்று மாலையே இன்னொருவரிடம் போகலாம். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறி வருகின்ற கமக்காரருக்கு, அன்று கடமையில் இருக்கும் ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்த ஒருவர் கடுமையான சோதனையைத் தாண்டி வந்தவராக இருக்கவேண்டும் என்பது மற்ற எந்த ஊரையும் விட வன்னிக்குத்தான் அவசியம்.

நினைவில் வைத்திருக்கவேண்டியவை மலைபோலக் குவிந்திருப்பதால்தான் தவறினேன் என்று எழுதியிருக்கிறீர். அது பாதிக் காரணமே. நீர் எழுதலாமா என்று கேட்ட, பொது வைத்தியத்துக்கான பிரித்தானியத் தகைமைப் பரீட்சையான எம்.ஆர்.சீ.பி.யின் முதற்பகுதியை எடுத்துக்கொள்ளும்: மூன்று மணித்தியாலத்தில் 100 வினாக்களாக இரண்டு தாள்கள், ஒவ்வொரு வினாவுக்கும் ஐந்து விடைகள், அவற்றுள் மிகப் பொருத்தமானது ஒன்று. அந்த ஐந்தில் நான்கு விடைகள் வெளிப்படையாகவே பிழையாக இருந்தால் எவரும் சித்தியடைந்துவிடுவர். பல வினாக்களில் ஐந்துமே செய்யத்தக்கவை. இப்போது, இந்த நோயாளிக்கு, முதலில் எது என்பதே கேள்வி.

உமக்கு நன்கு பழக்கமான ஒன்றையே சொல்கிறேன். வயல் வரம்பில் பாம்பு கடித்த ஒருவர் பொழுதுபட்டபின் கொண்டுவரப்படுகிறார்; கண்ணாடிப் புடையன் என்று உறவினர் சொல்கின்றனர், பாம்பைக் கொண்டுவரவில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, பின்பு சரித்து உறைந்திருக்கிறதா என்று பார்ப்பதா, பாம்பு விஷமுறி மருந்தை உடனே ஏற்றுவதா? பல்முரசிலிருந்து இரத்தம் கசிகிறது என்று வினாவில் ஒரு வரி இருந்தால், குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒவ்வாமையைத் தடுப்பதற்கான சிறிதளவு அட்ரினலினைத் தோலின்கீழ் கொடுத்துவிட்டு விஷமுறியைத் தொடங்கவேண்டும். அந்த வரியோ விஷமேறியதைக் காட்டும் வேறு குறியோ இல்லாவிட்டால் அந்த 20 நிமிடச் சோதனையே விடை. கொழும்பு விடுதியில் இருந்து படிக்கும் பலரைவிட இந்தத் தீர்மானத்தை நீர் அதிக தடவை எடுத்திருப்பீர்.

அப்படியானால் ஏன் தவறினீர்? உமது கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது எனக்குத் தோன்றிய காரணம் இதுதான்: உம்மிடம் அனுபவம் குறையவில்லை, அனுபவத்துக்குரிய பதில் உமக்கு வந்து சேர்வதில்லை. போதனா வைத்தியசாலையில் இருப்பவர் இரவு எடுத்த முடிவு சரியா என்பதை மறுநாள் காலை நிபுணர் நோயாளிகளைப் பார்த்துவரும் சுற்றிலேயே அறிந்துகொள்கிறார். நீர் நள்ளிரவில் ஒரு நோயாளியை அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்புகிறீர். எலிக்காய்ச்சல் என்று நீர் எழுதியது இறுதியில் எலிக்காய்ச்சல்தானா என்பது உமக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது. அடுத்த நோயாளிக்கும் அதே தீர்மானத்தை, அதே ஐயத்தோடு எடுக்கிறீர். பரீட்சைத் தாளில் இரண்டு விடைகளுக்கு நடுவே நீர் தடுமாறுவது அந்த ஐயத்தினால்தான்.

இதை உம்மாலேயே திருத்தமுடியும். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பியில் நீர் நினைத்த நோயையும், அதற்கான காரணத்தையும், அடுத்ததாக நினைத்த நோயையும் அனுப்பும்போதே எழுதும். இரண்டு நாள் கழித்து அந்த விடுதியின் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்துக் கேளும். அவர்கள் வேலைப்பளுவிலும் பதில் சொல்வார்கள், வைத்தியர்கள் கேட்டால் சொல்லாதவர் குறைவு. நம் சனம், வைத்தியசாலையிலிருந்து விடும்போது நோயைக் குறித்துக் கொடுக்கும் டயக்னோசிஸ் காட்டையும் கிளினிக் கொப்பியையும் சொப்பிங் பைக்குள் சுற்றி, வெள்ளத்திலும் நனையவிடாமல் காப்பாற்றி வைத்திருப்பார்கள். அவர்கள் திரும்பவும் கிளினிக்குக்கு வரும்போது மருந்தை மட்டும் பார்த்து எழுதிவிடாமல், காட்டை முதல் வரியிலிருந்து வாசித்து உமது கொப்பியோடு ஒப்பிடும். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

பின்னால் வரப்போகும், நோயாளியை நேரில் பரிசோதித்துக் காட்டும் மருத்துவமுறைப் பரீட்சைக்கும் இங்கிருந்தே ஆயத்தமாகலாம். அங்கே பரிசோதகர்கள் பேசாமல் நின்று உமது கைகளைப் பார்ப்பார்கள். இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிய ஒருவரை இடப்பக்கம் சரித்து, ஸ்தெதஸ்கோப்பின் மணிப்பக்கத்தை இதயமுனையில் மெதுவாக வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்டால்தான் அந்தத் தாழ்ந்த முணுமுணுப்புக் கேட்கும். தனியே வேலை செய்து பழகியவர்கள் நேரம் போதாமல் இந்தப் படிகளை விட்டுவிடுகிறோம், எவரும் பார்ப்பதில்லை என்பதால். கண்டதை ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொல்வதும் வாயால் சொல்லிச் சொல்லியே வரும், வாசிப்பினால் வராது.

பரீட்சைக்கு முதல்நாளும் கடமை செய்துவிட்டு, வவுனியாவிலிருந்தே 250 கிலோமீற்றர் அளவில் இருக்கும் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனதாக எழுதியிருந்தீர். அது பரீட்சையின் கடினம் அல்ல, கடமைப் பட்டியலின் அநீதி. பரீட்சை எழுதுகிறவருக்கு முந்திய இரண்டு நாட்களாவது விடுப்புக் கொடுத்து, அந்த இரவுகளைத் தாம் பங்கிட்டுக்கொள்வது உடன் வேலை செய்யும் எல்லோருடைய பொறுப்பு. இதை உமது வைத்தியசாலைக்கு நானே எழுதுகிறேன்.

நீர் செய்யவேண்டியது, அடுத்த விண்ணப்பம் கோரப்பட்டவுடன் படிவத்தை நிரப்புவது. கடமையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு வைத்தியசாலையில் எனது நோயாளர் விடுதிக்கு வாரும். நீர் நோயாளியைப் பரிசோதியும், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். கொப்பியையும் கொண்டு வாரும்.

அன்புடன்,
வவுனியாவிலிருந்து உமது அண்ணன்