கதவைச் சாத்துவதற்கு முன்

அன்புள்ள கார்த்தி,

நீயும் மீனாவும் சேர்ந்து கவுன்சிலிங் போகப் போவதாகச் சொன்னாய். நல்ல காரியம். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் இதெல்லாம் எதற்கு என்று அப்பா கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இங்கே நான் வேலை பார்க்கும் குடும்ப ஆலோசனை மையத்துக்கு வருகிறவர்களில் பலர் எல்லாம் முற்றிப்போய், வக்கீலையும் பார்த்துவிட்டுத்தான் என் முன்னால் உட்காருகிறார்கள்.

உங்கள் கவுன்சிலர் பயின்ற, EFT என்கிற உணர்வு சார்ந்த தம்பதி சிகிச்சை முறை 1980-களில் கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உருவாக்கியது. குழந்தை தாயைத் தேடுவது பற்றி மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை ஜான்சன் கணவன் மனைவிக்கும் பொருத்திப் பார்த்தார். யார் பக்கம் நியாயம் என்று அங்கே தீர்ப்பு வராது. ஒருவர் விடாமல் கேட்பது, மற்றவர் வாயை மூடிக்கொள்வது என்று நீங்கள் மாட்டிக்கொண்டு சுற்றுவதைத்தான் முதலில் பிடித்துக் காட்டுவார்கள்.

நான் வந்திருந்தபோது பார்த்தேனே. "எப்பப் பார்த்தாலும் ஆபீஸ்தானா?" என்கிறாள். நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகிறாய். கதவு சாத்தியதும் அவள் குரல் ஏறுகிறது. அது ஏற ஏற நீ தாழ்ப்பாள் போடுகிறாய். அவள் கேட்டது ஆபீஸைப் பற்றியே இல்லைடா. "எனக்குன்னு நீ இருக்கியா?" என்பதுதான் அது. நீ உள்ளே போவதும் அலட்சியத்தால் இல்லை, இன்னும் ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் கெட்டுவிடுமோ என்ற பயத்தால். பெற்றவள் எனக்குத் தெரியும். நீ வாய் திறந்து சொன்னால்தானே அவளுக்குத் தெரியும்!

படபடப்பு வந்தால் பேச்சை நிறுத்துவது தப்பில்லை. அமெரிக்காவில் ஜான் காட்மன் தம்பதிகளைப் பேசவிட்டு நாடித்துடிப்பை அளந்து பார்த்தவர். அது நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பார். அதனால் எழுந்து போ. ஆனால், "இப்ப என்னால பேச முடியல மீனா, அரை மணி நேரத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போ. அந்த நேரத்தில் அடுத்த பதிலை யோசிக்காமல் மொட்டை மாடியில் நட. அப்புறம், சொன்னபடி வந்து விட்ட இடத்திலிருந்து நீயே பேச்சை எடு. அதுதான் முக்கியம். வந்து "சாப்பிடலாமா?" என்று கேட்பது கணக்கில் வராது.

ஆரம்பத்தில் உங்களைத் தனித்தனியாகவும் கூப்பிட்டுப் பேசலாம். மீனா உள்ளே என்ன சொன்னாள் என்று துருவாதே. அவளாகச் சொன்னால் கேள். எங்களிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு, அவளிடமும் போனைக் கொடு.

அன்புடன்,
அம்மா