பத்மநாபபுரம் அரண்மனை: சீரமைப்பு முறையும் பதிவாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த பிறகும், தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருந்து வருகிறது. இந்த ஏற்பாட்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இடைவிடாத பராமரிப்பு இல்லையென்றால், ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் மண்ணில் இத்தனை மரவேலை இன்றுவரை நின்றிருக்காது. அங்கே நடைபெறும் சீரமைப்பு வேலைகளின் செய்முறை எழுதி வைக்கப்பட்டு, இங்குள்ள இளைஞர்களுக்குக் கற்றுத்தரப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த அரண்மனை ஒரே காலத்தில் எழுந்ததன்று. அதன் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. நான்கு நிலை உப்பரிகை மாளிகை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) காலத்தது. நவராத்திரி மண்டபமோ கருங்கல்லால் ஆனது. தாய்க்கொட்டாரத்தின் பலாமரத் தூணுக்கும் கல்தூணுக்கும் ஒரே பக்குவம் பொருந்தாது.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது தரைதான். பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மர மச்சில் செதுக்கப்பட்ட 90 வகைப் பூக்களை அண்ணாந்து பார்த்து வியப்பவர்கள், காலடியில் கண்ணாடிபோல் மின்னும் கருந்தளத்தைக் கவனிப்பது குறைவு. சுண்ணாம்பு, மணல், சிரட்டைக்கரி (தேங்காய் ஓட்டுக் கரி), முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தளம் அது. பெயர்ந்த இடத்தில் சிமென்டோடு கருஞ்சாயம் கலந்து பூசினால் அன்றைக்கு வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்டோ அதை அடைத்துவிடும், அடைபட்ட ஈரம் பக்கத்திலுள்ள பழைய தளத்தில் உப்புப் பூக்கச் செய்து சுவரடியையும் அரிக்கும். கூரையும் அப்படித்தான்: ஓர் ஓடு விலகினாலே அதைத் தாங்கும் கழுக்கோல் என்ற மரச்சட்டம் நனையும், பின்பு கரையானுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இவ்வரண்மனை இடம்பெற்றுள்ளது. கட்டடம் கேரளத்தின் பொறுப்பு; அதைச் சூழ்ந்த கோட்டையும் ஊரும் தெருக்களும் வடிகால்களும் தமிழகத்தில் உள்ளவை. ஆகவே இரு அரசுகளும் கூடிப் பேசாமல் உலக மரபுச் சின்னமாக்கும் முயற்சி முழுமை பெறாது. எந்தப் பகுதி பழுதுபார்க்கப்பட்டது, எந்த மரம் மாற்றப்பட்டது, சாந்தில் எது எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பவற்றை, முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட வேண்டும். இப்பகுதியின் ஆசாரிமாரும் சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர்களும் உதவித்தொகை பெறும் இளைஞர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டு வேலை செய்யும்படி ஒப்பந்தத்திலேயே விதி சேர்க்கலாம். அடுத்துப் பழுதுபார்க்கப்படும் தளத்தையே முதல் பயிற்சிக் களமாக்கினால், இதற்கெனத் தனிக் கட்டடமும் வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை