தலைவலியோடு கண்ணும் மங்கினால்: பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும், மேலாளர்களுக்கும், லைன் சூப்பர்வைசர்களுக்கும், பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கத்து நூல் மில்களில் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களிடம் வேலை செய்கிற பெண்கள். செக்கிங் மேசையில் நிற்பவர்கள், பவர் டேபிளில் தைப்பவர்கள், மில்லில் கோன் வைண்டிங் பார்ப்பவர்கள். "தலைவலி விடவே மாட்டேங்குதுங்க்கா, கண்ணும் மங்கலாத் தெரியுது. சூப்பர்வைசர் அண்ணன் கண்ணாடி போட்டுட்டு வரச் சொன்னாரு" என்பார்கள். அந்த அக்கறைக்கு முதலில் நன்றி. ஆனால் தலைவலியும் பார்வைக் கோளாறும் சேர்ந்து நாள்கணக்கில் நீடித்தால், அதைக் கண்ணாடியோடும் மாத்திரையோடும் முடித்துவிடக் கூடாது. பிரஷர் பார்க்க வேண்டும். கண்ணின் உட்புறத்தை ஒரு கண் டாக்டர் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நாளை சம்பளம் பிடிக்காமல் நீங்கள் கொடுக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

பவர் குறைபாட்டால் தலை வலிப்பது உண்மைதான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையலை நாளெல்லாம் உற்றுப் பார்த்தால், சிறிய பவர் இருந்தாலும் கண் களைத்துப்போகும். நாற்பது வயதைத் தாண்டிய டெய்லர்களுக்கு வெள்ளெழுத்து. உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைவதால் கண் உலர்ந்து, பார்வை தெளிந்து தெளிந்து மங்கும். இந்த வலி வேலை ஏற ஏற வரும், ஓய்வெடுத்தால் குறையும், சரியான கண்ணாடி போட்டால் பெரும்பாலும் போய்விடும். கண்ணாடி போட்டும் போகவில்லை என்றால் காரணம் வேறு.

அப்புறம் மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. இது மிகவும் பரவலானது, பெண்களுக்கே அதிகம். சிலருக்கு வலி தொடங்கும் முன் கண் எதிரே நெளிநெளியாக மின்னும் கோடு தெரியும். அது மெல்லப் பரந்து, பார்க்கிற இடத்தில் ஒரு பகுதியை மறைக்கும். ஐந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்துவிட்டு மறையும். பிறகு தலையின் ஒரு பக்கம் தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. முதல்முறை பார்க்கிறவர்கள் கண்ணே போகப்போகிறது என்று பயந்துவிடுவார்கள். அந்த நிலையில் லைனில் உட்காரவைத்துத் தைக்கச் சொன்னால், விரலில் ஊசி ஏறுவதற்குத்தான் அது வழி. இருட்டான இடத்தில் சற்று நேரம் படுக்க விடுங்கள்.

மைக்ரேனைத் தூண்டுகிறவை எவை என்று பார்த்தால், நம் ஊர் வேலை முறை முழுக்க அதில் இருக்கிறது. காலைச் சாப்பாட்டை விடுவது, தூக்கம் கெடுவது, ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பது, தண்ணீர் குடிக்காதது. ஷிப்மெண்ட் நெருங்கும்போது ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வரவேண்டியிருக்கிறது. தண்ணீர் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பாத்ரூம் போக டோக்கன் கேட்க வேண்டும், போனால் எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்ப்பார்கள் என்பதற்காகவே பல பெண்கள் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. என்னிடம் இதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்குக் கேட்கவே பொறுக்கவில்லை.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் சிலருக்குக் கூடிவிடும். கட்டி எதுவும் இல்லாமலேயே இது வரலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு, அதிலும் உடல் எடை கூடியவர்களுக்கு, அண்மையில் எடை ஏறியவர்களுக்கு இது அதிகம். முகப்பருவுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளாலும், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளாலும் வரலாம். அந்தப் பெண் என்ன சொல்வாள் தெரியுமா? "பண்டல் எடுக்கக் குனிஞ்சு நிமிர்ந்தா ரெண்டு மூணு செகண்ட் கண்ணைக் கட்டிருதுங்க்கா. ராத்திரி படுத்தா காதுக்குள்ள நாடி அடிக்கிற மாதிரி சத்தம் கேக்குது." சிலருக்கு ஒரு பொருள் இரண்டாகத் தெரியும்.

அவளை என் கடையில் உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினால், கடைசி வரி வரை படித்துவிடுவாள். நேர்ப் பார்வை கடைசிவரை தாக்குப்பிடிக்கும்; ஓரப் பார்வைதான் முதலில் போகும், அது போவது அவளுக்கே தெரியாது. பவர் இல்லை என்று அனுப்பிவிட்டால் கம்பெனியில் என்ன பேசுவார்கள்? "கடையிலயே ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, வேலைக்குக் கள்ளம் பண்றா." கண்ணுக்குள் இருக்கும் பார்வை நரம்பு வீங்கியிருப்பதைக் கண்ணாடி அளவெடுக்கும் கருவியால் பார்க்க முடியாது. கண் டாக்டர் உள்ளே பார்த்தால்தான் தெரியும். காலத்தோடு கண்டால் எடையைக் குறைப்பது, மருந்து, தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை என்று பார்வையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. விட்டுவிட்டால் போன பார்வை திரும்பி வராது. பத்தொன்பது, இருபது வயதுப் பெண்களைப் பற்றிப் பேசுகிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: பலகையைப் படித்துவிட்டாள் என்பதற்காக, தலைவலி என்று வந்தவளைச் சும்மா அனுப்பாதீர்கள். கண் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.

ஏன் அவர்கள் போவதில்லை? உட்புறத்தைப் பார்க்க, கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். விட்ட பிறகு சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியாது, வெளிச்சம் கூசும். செக்கிங் மேசைக்கோ மெஷினுக்கோ அன்று திரும்ப முடியாது. ஆக, ஒரு நாள் கூலி போகிறது. பீஸ் ரேட்டில் இருப்பவளுக்கு முழுதாகப் போகிறது. சனிக்கிழமை சம்பளத்தை எண்ணி வாடகையும் வட்டியும் கட்டுகிறவள், "அடுத்த வாரம் போய்க்கலாம்" என்றுதான் சொல்வாள். தள்ளிப்போவதற்கு அவளுடைய அலட்சியம் காரணமில்லை, அந்த ஒரு நாள் கூலிதான் காரணம்.

இரத்தக்குழாய்ச் சிக்கல்களும் உண்டு. மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாளத்தில் இரத்தம் உறைந்து அடைத்தாலும் விடாத தலைவலி, பார்வை மங்கல், வாந்தி, வலிப்பு வரும். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். உடலில் நீர் வற்றுவதும் ஒரு காரணம். ஹார்மோன் மாத்திரைகளும் வாய்ப்பைக் கூட்டும். மாரியம்மன் கோயில் நோம்பி வந்தால், மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கலில் தாங்களே மாத்திரை வாங்கிப் போடும் வழக்கம் நம் பக்கம் எவ்வளவு என்று வார்டன் அக்காக்களுக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மின்னும் கோடு தெரிகிற மைக்ரேன் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை போடுவதும் பக்கவாதத்துக்கான ஆபத்தைக் கூட்டும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் தயவுசெய்து யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஐந்தாம் மாதத்துக்கு மேல் தலைவலி, கண்ணில் மின்னல் வெட்டுவது, மங்கல், மேல்வயிற்று வலி என்றால் உடனே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. அது வலிப்பு வரை கொண்டுபோகும்; தாயும் பிள்ளையும் இரண்டு உயிர். பிரசவம் ஆகி ஆறு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு.

மாத்திரை டப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டில் ஆயத்த ஆடை வேலை செய்யும் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்திலேயே பெயர் ஒட்டாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டது அதில் வெளிவந்தது. இன்றும் என்னிடம் வருகிறவர்களிடம் "என்ன மாத்திரை போட்டே கண்ணு?" என்று கேட்டால், "வெள்ளை மாத்திரைங்க்கா, கம்பெனியில குடுத்தாங்க" என்பதுதான் பதில். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கவைத்துவிடும். சில வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும். யாருக்கு, என்ன மாத்திரை, எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அவளுக்குத் தேவை டாக்டர்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும், நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனால், கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். இரு பக்க ஓரங்களும் தெரியாமல், மாதவிலக்கும் நின்று, பிள்ளை பெறாமலே பால் சுரந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் பார்ப்பார்கள். விட்டு விட்டுக் காய்ச்சலோடு வாரக்கணக்கில் தலைவலி, இரட்டைப் பார்வை என்றால் மூளைக்காய்ச்சல், அதிலும் காசநோயால் வருவது, மனதில் இருக்க வேண்டும். நெருக்கமான அறைகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தம்பிகளிடம் இதைக் கவனியுங்கள். உங்கள் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது கண் அழுத்த நோயின் திடீர்த் தாக்குதலாக இருக்கலாம்; மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் வலியும், மெல்லும்போது தாடை வலியும் வந்தால், பார்வை போகும் முன் ஸ்டீராய்டு தொடங்க வேண்டியிருக்கும்.

இதுவரை வராத கடுமையில் சட்டென்று தலை இடித்தால், ஒரு பக்கம் கை கால் இழுத்தால், பேச்சு குழறினால், பார்வை திடீரென்று போனால், வலிப்பு வந்தால், 108 தான். கம்பெனி வேன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பணம் பெரிதாக ஆகும் என்று நினைக்க வேண்டாம். கையில் கட்டுகிற பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கி முதலுதவி அறையில் வையுங்கள். அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கட்டும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை கேட்டது. ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குத் தொழிலாளி 0.75 சதவீதமும் நீங்கள் 3.25 சதவீதமும் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்துக்கு உரிய வைத்தியம் கோவை சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் இருக்கிறது. டாக்டர் சான்று கொடுத்தால், தகுதியுள்ளவர்களுக்கு 70 சதவீதச் சம்பளமும் கிடைக்கும். காண்ட்ராக்ட் ஆட்களையும் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கும் அதே கண்தான். பதிவில்லாதவர்களுக்குத் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கோவையில் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. ஒடிசா, பீகார் பெண்ணை அனுப்பும்போது இந்தி தெரிந்த ஒருவரைக் கூட அனுப்புங்கள். குனிந்தால் கண்ணைக் கட்டுகிறது என்று டாக்டரிடம் அவளால் சொல்ல முடியவில்லை என்றால், வெறும் தலைவலி என்று மறுபடியும் அதே மாத்திரையோடுதான் திரும்பி வருவாள்.

உங்களில் யாராவது சொன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கே வந்து, எந்தத் தலைவலியை எங்கே அனுப்ப வேண்டும் என்று சூப்பர்வைசர்களுக்கும் வார்டன்களுக்கும் சொல்லித்தரத் தயாராக இருக்கிறேன். காசு வேண்டாம். கண் டாக்டரிடம் போகிற அந்த ஒரு நாளுக்கு முழுச் சம்பளம் என்று நோட்டீஸ் போர்டில் எழுதி, இந்தியிலும் எழுதி, ஒட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் கண்ணாடிக் கடை ஒன்றில் பார்வை பரிசோதிக்கும் பெண்