சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கியவர்

புனே
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் பார்த்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அதற்கு என் வீட்டுக்காரி சொன்னதை அப்படியே எழுதினால் உனக்கு மறுபடி வலி வந்துவிடும். ஒழுங்காக இரண்டு மாதம் கீழேயே இரு.

பதில் தாமதமானதற்குக் காரணம் என் தம்பூரா. போன வருஷம் பழையதாக ஒன்று வாங்கினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இந்துஸ்தானிப் பாட்டு வகுப்பு முடிந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போது குடத்தைக் கம்பியில் இடித்துவிட்டேன். முழுக்க என் தப்புதான், டிரைவர் மெதுவாக இறங்கச் சொன்னார். விரல் நீளத்துக்கு விரிசல். இங்கே காட்டிய இடத்தில் எல்லாம் ஒரே பதில், "மிரஜுக்குக் கொண்டு போங்கள்." ஒரு பழைய போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

மிரஜில் சிதாரும் தம்பூராவும் செய்கிறவர்கள் ஒரே தெருவில் வரிசையாக இருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான தொழில். நம் தஞ்சாவூர்த் தம்பூராவுக்குக் குடம் பலாமரம். இங்கே சுரைக்குடுக்கை. பண்டரிபுரம் பக்கத்தில் இதற்கென்றே விளைவிக்கிறார்களாம். கடைக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் குடுக்கைகள், நம்மூர்ப் பந்தலில் தொங்குகிற சுரைக்காயைப் போல நான்கு மடங்கு. கடைக்காரர் என் தம்பூராவை வாங்கி விரிசலைப் பார்க்கவில்லை. விரல் முட்டியால் குடத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். தர்பூசணி வாங்குகிறவர் தட்டுவாரே, அப்படி. பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

விரிசல் சின்ன வேலை, ஜவாரிதான், அந்த ரீங்காரம்தான், போய்விட்டது என்றார். நாம் ஜீவா என்கிறோமே, அதேதான். பிரிட்ஜின் மேல்பரப்பை மெல்லிய அரத்தால் தேய்த்து, தந்தியைப் போட்டு, கீழே நூலைச் செருகி மீட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி தந்தியைத் தளர்த்தினார். ஒரு மணி நேரம் இதே வேலை. ஒரு கட்டத்தில் நூலை ஒரு மயிரிழை நகர்த்தினார், அவ்வளவுதான், கடை முழுக்க ரீங்காரம். அதுவரை கட்டையாக இருந்தது திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது. பத்து நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். இதோ, நேற்றுத்தான் போய் வாங்கி வந்தேன்.

முதல் தடவை போனபோது சாயங்கால ரயிலுக்கு நேரம் இருந்தது. குவாஜா மீரா சாகேப் தர்கா பக்கத்தில்தான் என்றார்கள். அங்கே இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கானை அடக்கம் செய்திருக்கிறார்கள். வருஷா வருஷம் உருஸ் என்கிற தர்கா விழாச் சமயத்தில் பாடகர்கள் வந்து அவருக்காகப் பாடிவிட்டுப் போகிறார்கள். நான் போன அன்று யாரும் இல்லை. ஒரு கிழவர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அங்கே நின்றபோது உன் ஞாபகம் வந்தது. காரணம் இருக்கிறது. நீ முப்பது வருஷம் செங்கல்பட்டிலிருந்து பீச்சுக்கு எலெக்ட்ரிக் ரயிலில் போய் வந்தவன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனை எத்தனை ஆயிரம் தடவை தாண்டியிருப்பாய்? அந்த அப்துல் கரீம் கான்சாகிப் உயிர் விட்டது அந்த ஸ்டேஷனில். 1937 அக்டோபர் 27. சென்னைக்கு வந்துவிட்டு, அரவிந்தர் ஆசிரமத்தில் பாடுவதற்காகப் புதுச்சேரி போய்க்கொண்டிருந்தார். வழியில் நெஞ்சு வலி. அந்த ஸ்டேஷனில் இறக்கினார்கள். பிளாட்பாரத்தில் படுக்கையை விரித்து உட்கார்ந்து, சுருதி சேர்க்கச் சொல்லி, தர்பாரி ராகத்தில் கலிமாவை, இஸ்லாமிய உறுதிமொழியை, பாடினார், பாடியபடியே சாய்ந்தார் என்பார்கள். எங்கோ உத்தரப் பிரதேசத்தின் கைரானாவில் 1872-ல் பிறந்த மனிதர். அவர் வழிப் பாட்டுப் பரம்பரையை ஊர்ப் பெயராலேயே கிரானா கரானா என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஊர் ஊராகச் சுற்றியவர். பரோடா அரண்மனையில் பாடிக்கொண்டிருந்தபோது தாராபாய் என்ற பெண்ணைக் காதலித்து, இருவரும் பரோடாவை விட்டே கிளம்பிவிட்டார்கள். பின்னால் 1922-ல் தாராபாய் குழந்தைகளோடு பிரிந்து போனார். அந்தக் குழந்தைகளில் ஒருத்திதான் பாடகி ஹீராபாய் படோதேகர். மைசூர் அரண்மனைக்குப் போய் வந்து கொண்டிருந்ததால் நம் பாட்டும் அவர் காதில் விழுந்தது. சும்மா விழவில்லை, உள்ளே போய்விட்டது. கயால் என்கிற இந்துஸ்தானிப் பாட்டு வகைக்கு நடுவே அவர் ஸ்வரம் பாடுவது அங்கிருந்து வந்த பழக்கம் என்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், "ராம நீ ஸமானமெவரு" பாடி இசைத்தட்டு கொடுத்திருக்கிறார். தியாகராஜரின் கரஹரப்ரியாவேதான். உன் அப்பா சனிக்கிழமை பஜனையில் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாரே, அது. மூன்று நிமிஷம் போலத்தான் ஓடும். தெலுங்கு அவர் வாயில் கொஞ்சம் உருண்டு வருகிறது. கமகம் நம் கமகம் இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் அந்தக் குரல்! மூக்கும் தொண்டையும் சேர்ந்த, அழுகைக்கு ஒரு படி முன்னால் நிற்கிற குரல். கேட்டுவிட்டு எழுது. உன் அப்பா இருந்தால் முதலில் முறைத்திருப்பார், பிறகு இன்னொரு தடவை போடச் சொல்லியிருப்பார்.

சரி, உன் புகாருக்கு வருகிறேன். "சாகித்யமே கிடையாது, ஒரே வரியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆ ஆ என்று இழுக்கிறார்கள், நீ எப்படியடா உட்கார்ந்திருக்கிறாய்" என்று கேட்டிருக்கிறாய். நானும் இங்கே வந்த புதிதில் அதையேதான் சொன்னேன். பேத்தியை வகுப்புக்குக் கூட்டிப் போய், வெளியே செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தவன் நான். இப்போது பேத்தி நின்றுவிட்டாள், நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

சாகித்யம் இல்லாமல் இல்லை. பந்திஷ் என்கிற பாட்டு நான்கைந்து வரிதான். ஸ்தாயி, அந்தரா என்று இரண்டு பகுதி, முடிந்தது. நமக்குத் தியாகராஜ முத்திரை மாதிரி, பழைய பந்திஷ் பலவற்றில் "சதாரங்" என்று வரும். 18-ஆம் நூற்றாண்டில் டில்லியில் முகம்மது ஷா தர்பாரில் இருந்த நியாமத் கானின் முத்திரைப் பெயர் அது. ஆனால் அந்த வரிகள் கோவில் மூலவர் மாதிரி. மூலவரை ஒரு நிமிஷம் பார்க்கிறோம், மீதி நேரம் பிராகாரம் சுற்றுகிறோம் அல்லவா?

விளம்பித், அதாவது மெதுவான, ஏக்தாளம் 12 மாத்திரை. ரொம்ப மெதுவாகப் பாடினால் ஓர் ஆவர்த்தனம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகும். சபையில் யாரும் தொடையில் தட்டித் தாளம் போடுவதில்லை, தபலாவில் திரும்பத் திரும்ப வரும் சொல்கட்டு, டேக்கா என்பார்கள், அதுதான் கணக்கு. பாடகர் எங்கெங்கோ போவார். பதினோராவது மாத்திரை நெருங்கும்போது பந்திஷின் முதல் துண்டை, முகடா என்பார்கள், அதை எடுப்பார். எடுத்து, சரியாக "ஸம்", அதாவது அடுத்த சுற்றின் முதல் மாத்திரை, வந்து விழும்போது வைப்பார். அந்த நொடியில் சபையில் அத்தனை தலையும் சேர்ந்து ஆடும். முதல் ஆறு மாதம் எனக்கு ஸம் எப்போது வந்தது என்றே தெரியாது, பக்கத்து ஆள் தலை ஆடினால் நானும் ஆட்டுவேன். இப்போது வருவது தெரிகிறது. தெரிந்துவிட்டால் அந்த ஒரு நிமிஷம் இழுவையாக இல்லை.

ஆனால் உண்மையில் என்னை மடக்கியது இதெல்லாம் இல்லை, நம் மோகன ராகம்.

எங்கள் டீச்சரைத் தாயி என்றுதான் கூப்பிட வேண்டும். தாயி என்றால் மராத்தியில் அக்கா. என் மகள் வயசுதான், ஆனாலும் தாயி. அவர் என்னைக் காகா என்பார், சித்தப்பா என்கிற அர்த்தத்தில். ஒரு ஞாயிறு காலை தேஷ்கார் என்று ஒரு ராகத்தை எடுத்தார். ஸ ரி க ப த. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மோகனத்தை மாற்றுப் பெயரில் விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ரிஷபத்தை ஓர் அசைப்பு அசைத்து, காந்தாரத்தில் ஜம்மென்று போய் நின்றேன். தாயி ஹார்மோனியத்தை நிறுத்திவிட்டார். "காகா, காலை எட்டு மணிக்கே விளக்கேற்றி விட்டீர்களே!" வகுப்பே சிரித்தது.

விஷயம் இதுதான். அதே ஐந்து ஸ்வரத்தில் இவர்களுக்கு இரண்டு ராகம். பூபாலி என்றால் இரவு தொடங்கும் நேரம், வாதி, அதாவது முக்கிய ஸ்வரம், காந்தாரம். கீழ்ப்பாதியில் நிதானமாக உலாவும், ரிஷபத்தில் உட்கார்ந்து பேசும். தேஷ்கார் காலை ராகம், வாதி தைவதம். எடுத்த எடுப்பில் மேலே தைவதத்துக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து பஞ்சமத்துக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். ரிஷபத்தைத் தொட்டும் தொடாமலும் தாண்ட வேண்டும், நின்றாயோ பூபாலி வந்துவிடும். நான் நின்றேன், இருட்டிவிட்டது. தாயி பாடிக் காட்டினார். ஒரே ஐந்து ஸ்வரம், ஒரே குரல், முதலில் பாடியது அந்தி, அடுத்துப் பாடியது காலை வெயில். மாயாஜாலம் மாதிரி இருந்தது. ஒரு வாரம் அதையே முனகிக்கொண்டு திரிந்தேன், வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்.

ஆரோகண அவரோகணத்தை ஒப்பித்தால் ராகம் தெரிந்துவிட்டதாக நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நம் பக்கத்தில் நல்ல வித்வான்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை, நான்தான் புத்தகத்தில் படித்து அப்படி நினைத்துக்கொண்டேன். இங்கேயும் அந்தப் புத்தகம் உண்டு, அதற்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு.

பாத்கண்டே என்று ஒருவர், 1860-ல் பம்பாயில் பிறந்த வக்கீல். மனைவியும் ஒரே மகளும் அடுத்தடுத்து இறந்துபோன பிறகு வக்கீல் தொழிலில் மனம் ஒட்டாமல், சங்கீதமே கதி என்று கிளம்பியவர். 1904-ல் தெற்கே வந்து எட்டயபுரம் வரை போனார். அங்கே சுப்பராம தீட்சிதரைப் பார்த்தார். தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்த வருஷமும் அதுதான். வேங்கடமகியின் சதுர்தண்டி பிரகாசிகை என்ற நூலும், ராகங்களைப் பிரிக்கிற 72 மேளமும் அந்தப் பயணத்தில் அவருக்கு அறிமுகமாயின. தன் பக்கத்து ராகங்களுக்கு அத்தனை பெட்டி வேண்டாம் என்று பத்தோடு நிறுத்திக்கொண்டார். பிலாவல், கல்யாண், கமாஜ், காபி என்று பத்து தாட், நம் மேளம் மாதிரி. உஸ்தாதுகள் வாயைத் திறக்க மாட்டேன் என்றதையெல்லாம் கெஞ்சியும் காத்திருந்தும் வாங்கி, ஸ்வரப்படுத்தி, ஆறு பாகப் புத்தகமாகப் போட்டார். 1926-ல் லக்னோவில் இசைக் கல்லூரியும் வந்தது.

பத்துப் பெட்டியில் எல்லாம் அடங்கவில்லை. லலித் ராகத்தில் இரண்டு மத்தியமமும் பக்கத்துப் பக்கத்தில் வரும், அதைக் கொண்டு போய் மார்வா என்ற பெட்டியில் திணித்திருக்கிறார். தேஷ்கார் ஒரு பெட்டி, பூபாலி இன்னொரு பெட்டி. பெயர்க் குழப்பம் வேறு. ரேடியோவில் தோடி என்றார்கள், நிமிர்ந்து உட்கார்ந்தால் சுபபந்துவராளி வருகிறது. நம் தோடியின் ஸ்வரங்கள் இவர்களிடம் பைரவி. சம்பந்தி வீட்டில் நம் மாமா பெயரிலேயே ஒரு மாப்பிள்ளை இருப்பது போல.

அப்துல் கரீம் கானுக்கும் பாத்கண்டேவுக்கும் ஆகாது. தேவல் என்பவரும் கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேயரும் கான்சாகிபைப் பாடவைத்து 22 சுருதியை அளந்தார்கள், அதற்காக ஒரு ஹார்மோனியமே செய்தார்கள். பாத்கண்டே அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் யார் பக்கம் என்று கேட்பாய். கேட்கும்போது கான்சாகிப் பக்கம். ஆனால் உஸ்தாத் வீட்டில் தண்ணீர் தூக்கி, கால் பிடித்துக் கற்றுக்கொள்ள எனக்கு வயசும் இல்லை, அந்தக் காலமும் இல்லை. ஓய்வுபெற்ற ஒரு மதராசி ஞாயிறு காலையில் போய் ஓர் அறையில் உட்கார்ந்து தேஷ்காரைக் கெடுக்க முடிகிறது என்றால் அது அந்த வக்கீல் போட்ட பாதை.

டிசம்பரில் முழங்கால் சரியாகியிருந்தால் இங்கே வா. சவாய் கந்தர்வ விழா நடக்கும். கான்சாகிபின் சிஷ்யர் சவாய் கந்தர்வர், அவருடைய சிஷ்யர் பீம்சென் ஜோஷி குருவின் நினைவாக 1953-ல் ஆரம்பித்தது. பீம்சென் பதினொரு வயசில் கர்நாடகத்தின் கதக் என்ற ஊரில் கான்சாகிபின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு வீட்டை விட்டு ஓடியவர். குளிர் இருக்கும், ஸ்வெட்டரும் மப்ளரும் மறக்காதே. உட்காருவதற்கு நாற்காலி நான் ஏற்பாடு செய்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. நடக்க ஆரம்பித்ததும் ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கு. கூட்டம் இல்லாத மத்தியான வண்டியில் போ. அந்தப் பிளாட்பாரத்தில் அவர் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பார்த்து எழுது. இல்லாவிட்டாலும் பழைய பெஞ்சு, மரம் ஏதாவது இருந்தால் எப்படி இருக்கிறது என்று எழுது. மிரஜ் கடைக்காரரிடம் சொன்னேன், என் சிநேகிதன் அந்த ஊர்ப் பக்கம்தான் என்று. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்டேஷன் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன்,
பக்கத்து பெஞ்சுக்காரன்